பழைய லொறியின் குளிர்சாதனமும் குன்றிய காற்றும்

கண்டி நகரிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்லும் மகியங்கனைப் பெருவீதி, தென்னக்கும்புரையில் மகாவலி கங்கையைக் கடந்து, பல்லேகலை, திகன, தெல்தெனியா ஆகிய ஊர்களை ஊடறுத்து, ஹுன்னஸ்கிரியா மலைச்சாரலில் ஏறுகின்றது. உடதும்பறைக்கு அப்பால், 18 வளைவுகள் என்று பேர்பெற்ற சரிவிலே சுற்றிச் சுற்றி இறங்கி, ஹசலக்கை வழியாகச் சமவெளியை அடைகின்றது. ஒரே நாளில் ஒரே வாகனம் மலைக்குளிரையும் மூடுபனியையும் மழையையும் வறண்ட நிலத்தின் வெயிலையும் காண வேண்டிய வீதி இது. மரக்கறி, நெல், கல், சுண்ணாம்பு, கட்டடச் சாமான்கள் ஆகியவற்றை ஏற்றிச் செல்லும் லொறிகளும் கெப் வண்டிகளும் இவ்வீதியில் இரவும் பகலும் ஓடுகின்றன. அவற்றுள் பல, வயதிலே முதிர்ந்தவை. 2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இலங்கையில் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்ட பின்னர், பல ஆண்டுகளுக்குப் புதிய வண்டி வாங்கும் வாய்ப்பே அருகியிருந்தது. ஆகவே இருக்கும் வண்டியைப் பேணிக் காப்பதே உரிமையாளருக்கும் சாரதிக்கும் உற்ற வழியாயிற்று.

இத்தகைய பழைய வண்டிகளைப் பற்றிச் சாரதிமார் அடிக்கடி கூறும் குறை ஒன்றுண்டு. "ஏ.ஸி. போட்டால் காற்று வருகுதில்லை" என்பதே அது. இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் மறுமொழியும் ஒன்றே: "காஸ் குறைந்திருக்கும், நிரப்பினாற் சரியாகும்." காஸ் நிரப்பப்படுகின்றது, பணமும் செலவாகின்றது, காற்றோ முன்போலவே மெல்ல வருகின்றது. சில நாட்களின் பின் மீண்டும் அதே முறைப்பாடு எழுகின்றது. இத்தவறு ஏன் நேருகின்றது? குளிர் குறைவதும் காற்றுக் குறைவதும் ஒன்றே என எண்ணுவதனால் நேருகின்றது. உண்மையில் அவை இரு வேறு நோய்கள். நாடி பார்க்கும் வைத்தியர் காய்ச்சலையும் இளைப்பையும் வேறு பிரித்து அறிவதுபோல, இவ்விரண்டையும் முதலிலே வேறு பிரித்து அறிதல் வேண்டும். அவ்வாறு அறிந்துவிட்டால் எஞ்சிய வேலை பெரும்பாலும் எளிதே.

குளிர்சாதனம் என்பது சொகுசுக்கான பொருள் என்றும், அது கெட்டால் சன்னலைத் திறந்துகொண்டு ஓடலாம் என்றும் கருதுவோர் உளர். சமவெளியில் ஓடும் வண்டிக்கு இது ஓரளவு பொருந்தலாம், மலைவீதிக்குப் பொருந்தாது. குளிர்சாதனத்தின் பிறப்பு வரலாற்றை நோக்கினாலே இதன் காரணம் விளங்கும். 1902 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புரூக்ளின் நகரத்து அச்சகம் ஒன்றில், காற்றின் ஈரப்பதன் கூடியும் குறைந்தும் நின்றதனால் தாள் விரிந்து சுருங்கி, வர்ணங்கள் இடம் மாறி விழுந்தன. அதைத் தீர்ப்பதற்காக வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியியலாளர் ஒரு பொறியை வகுத்தார். அப்பொறியே இன்றைய குளிர்சாதனத்தின் முன்னோடி. மனிதருக்குக் குளிர்ச்சி தருவதன்று, காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்துவதே அதன் முதல் நோக்கம். வண்டியிலும் இன்றுவரை அது இவ்விரு தொழில்களையும் ஒருங்கே செய்கின்றது.

25 பாகை வெப்பமுள்ள ஒரு கனமீற்றர் காற்று ஏறத்தாழ 23 கிராம் நீராவியைத் தாங்கக்கூடியது. அதே காற்றை 5 பாகைக்குக் குளிர்வித்தால், ஏறத்தாழ 7 கிராம் நீராவியே அதில் நிற்க முடியும். எஞ்சியது நீராகப் பிரிந்து சொட்டும். நிறுத்திய வண்டியின் அடியிலே நீர் சொட்டுவதைக் கண்டு சிலர் அஞ்சுவர்; அது காற்றிலிருந்து பிழிந்தெடுக்கப்பட்ட ஈரமே. இனி, மழைநாளொன்றில் மூவர் அமர்ந்து செல்லும் லொறியின் முன்கூண்டை எண்ணிப் பார்க்கலாம். மூவரின் மூச்சும் நனைந்த உடையும் காற்றை ஈரமாக்குகின்றன. வெளியே மழை பட்டுக் குளிர்ந்த முன்கண்ணாடியிலே அந்த ஈரம் உட்புறமாகப் படிந்து, வெண்திரை விரித்தாற்போல மறைக்கின்றது. உலர்ந்த காற்று கண்ணாடியின்மீது போதிய வேகத்தோடு வீசினால் அத்திரை விரைவில் நீங்கும். காற்று மெலிந்திருந்தாலோ, சாரதி ஒரு கையாற் கண்ணாடியைத் துடைத்தும் மறு கையால் வளையத்தைத் திருப்பியும் வளைவுகளைக் கடக்க வேண்டியதாகும். எனவே திகனக்கு அப்பால் ஏறும் வண்டிக்கு மெலிந்த காற்று என்பது பார்வையைப் பாதிக்கும் குறை. பார்வையைப் பாதிப்பது உயிரைப் பாதிப்பதே.

காற்று எவ்வழியாக வருகின்றது என்பதை அடுத்து நோக்குவோம். வண்டியின் குளிர்சாதனத்தில் இரண்டு சுற்றுகள் உள்ளன. ஒன்று, காஸ் ஓடும் மூடிய சுற்று. இயந்திரத்தால் இயக்கப்படும் கொம்பிரசர் காஸை அழுத்துகின்றது. முன்னாலுள்ள கொண்டென்சரில் அது வெப்பத்தை இழந்து திரவமாகின்றது. சிறு துவாரமொன்றின் வழியாக விரிந்து, முகப்புப் பலகையின் உள்ளேயிருக்கும் குளிர்ச்சுருளில் ஆவியாகி, அச்சுருளைக் குளிரச் செய்கின்றது. கராஜ்களில் இச்சுருளைக் 'கூலிங் கொயில்' என்பர். மற்றையது, காற்று ஓடும் திறந்த வழி. வண்டியின் வெளியிலிருந்தோ உள்ளிருந்தோ காற்று இழுக்கப்படுகின்றது. வடிகட்டி உள்ள வண்டிகளில் அதனூடே செல்கின்றது. ஊதுவிசிறி அதை உந்துகின்றது. குளிர்ச்சுருளின் மெல்லிய தகடுகளுக்கிடையே அது புகுந்து குளிர்ந்து, பின்னர் சிறு கதவுகளால் திருப்பப்பட்டு, குழாய்கள் வழியாக முகத்துக்கோ காலுக்கோ கண்ணாடிக்கோ வந்து சேர்கின்றது.

இவ்விரு சுற்றுகளும் சந்திக்கும் இடம் ஒன்றே ஒன்று, அது குளிர்ச்சுருள். மற்றெல்லா இடங்களிலும் அவை தனித்தனி வழிகளில் இயங்குகின்றன. காஸ் முற்றாகவே இல்லாத வண்டியிலும் ஊதுவிசிறி முழு வேகத்தோடு ஊதும். காற்றுக் குளிராது, அவ்வளவே. ஆதலால் காற்றின் வேகம் குறைந்திருந்தால் முதலில் ஆராய வேண்டியது காற்றின் வழியையே. காஸ் குறைவு காற்றைத் தடுப்பது ஒரேயொரு சூழ்நிலையில்தான். அது பின்னர் விளக்கப்படும்.

முற்காலத்து வண்டிகளில் இவ்வழி இவ்வளவு நெருக்கமாக இருந்ததில்லை. 1940 ஆம் ஆண்டு மாதிரியாக வெளிவந்த பக்காட் மோட்டார் வண்டியில் குளிர்ச்சுருளும் விசிறியும் வண்டியின் பின்பகுதியில் வைக்கப்பட்டிருந்தன. அதன் குளிர்ச்சியை முற்றாக நிறுத்த வேண்டுமானால் இயந்திரத்தை நிறுத்தி, கொம்பிரசரின் பட்டியைக் கழற்ற வேண்டியிருந்தது. 1954 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நாஷ் நிறுவனம் எல்லா உறுப்புகளையும் வண்டியின் முன்பகுதியிலேயே ஒருங்கமைத்தது. அன்று தொட்டுச் சாதனம் சிறியதாயிற்று, விலையும் குறைந்தது. ஆயினும் விசிறி, சுருள், கதவு, குழாய் யாவும் முகப்புப் பலகைக்குள் ஒடுங்கின. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தூசி சேரத் தொடங்கிற்று. காணாத இடத்துக் குறையைக் காண்பதற்குக் கருவி வேண்டும் என்று எண்ணத் தேவையில்லை. ஐந்து எளிய சோதனைகளைச் சாரதி தாமே செய்து பார்க்கலாம். அவற்றுக்குக் காதும் கையும் ஒரு துண்டுக் கடதாசியும் போதும்.

முதலாவது சோதனை: இயந்திரத்தை ஓடவிட்டு, ஏ.ஸி. பொத்தானை நிறுத்தி, விசிறியை மாத்திரம் உச்ச வேகத்தில் வைத்தல் வேண்டும். கடதாசித் துண்டைக் காற்றுவாயின் முன் பிடித்தால், அது படபடத்து விலகுகின்றதா, சோம்பலாக அசைகின்றதா என்பது தெரியும். குளிர்ச்சியே இயங்காத இந்த நிலையிலும் காற்று மெலிந்திருந்தால், காஸ் இக்குறைக்குக் காரணமன்று என்பது உறுதி. இந்த ஒரு சோதனையே வீண்செலவுகள் பலவற்றைத் தவிர்க்கும்.

இரண்டாவது சோதனை: விசிறியின் வேகங்களை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிக் காது கொடுத்துக் கேட்டல். ஒவ்வொரு படிக்கும் ஓசை உயர்தல் வேண்டும். ஓசை உயர்ந்தும் காற்று உயரவில்லையாயின், விசிறி தன் வேலையைச் செய்கின்றது. வழியிலே அடைப்புண்டு எனக் கொள்ளலாம். ஓசையே உயரவில்லையாயின், குறை விசிறியிலோ அதற்கு மின்சாரம் கொடுக்கும் வழியிலோ உள்ளது. இப்பாகுபாடு மிகவும் பயனுள்ளது.

மூன்றாவது சோதனை: வெளிக்காற்று, உட்காற்று என்னும் இரு நிலைகளையும் மாற்றிப் பார்த்தல். உட்காற்று நிலையில் காற்று வலுவாகவும் வெளிக்காற்று நிலையில் மெலிந்தும் வருமானால், முன்கண்ணாடிக்குக் கீழேயுள்ள வெளிக்காற்று வாயில் இலை, சருகு முதலியன அடைத்திருத்தல் கூடும். மரநிழலில் நிறுத்தப்படும் வண்டிகளில் இது சாதாரணம். இரு நிலைகளிலும் எவ்வித வேறுபாடும் இல்லாவிடின், நிலை மாற்றும் கதவே அசையாது நின்றுவிட்டதா என்று பார்த்தல் நன்று.

நான்காவது சோதனை: முகம், கால், கண்ணாடி என்னும் மூன்று திசைகளுக்கும் காற்றை மாற்றி, ஒவ்வொரு வாயிலும் கை வைத்துப் பார்த்தல். எல்லா வாயில்களிலும் ஒருமித்து மெலிந்திருந்தால், குறை அவை பிரியும் இடத்துக்கு முன்னரே உள்ளது. அஃதாவது விசிறியில், வடிகட்டியில் அல்லது சுருளில். ஓரிடத்தில் வலுத்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருந்தால், குறை கதவிலோ குழாயிலோ உள்ளது.

ஐந்தாவது சோதனைக்குப் பொறுமை வேண்டும். ஏ.ஸி.யைப் போட்டு அரைமணி நேரமளவு ஓடிப் பார்த்தல் வேண்டும். புறப்படும்போது நன்றாக வீசிய காற்று, நேரம் செல்லச் செல்ல மெலிந்து, ஏ.ஸி.யைச் சிறிது நேரம் நிறுத்தியபின் மீண்டும் வலுப்பெறுமாயின், குளிர்ச்சுருளில் பனிக்கட்டி படிகின்றது என்பதே பொருள். தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே அளவில் மெலிந்திருந்தால் பனிக்கட்டி காரணமன்று.

இச்சோதனைகள் காட்டும் திசையில் ஒவ்வொரு காரணத்தையும் இனி ஆராயலாம். மின்சாரக் குறையை முதலில் எடுத்துக்கொள்வோம். உச்ச வேகத்தில் மாத்திரம் விசிறி சுழன்று, ஏனைய வேகங்களில் நின்றுவிடுமானால், 'ரெசிஸ்டர்' எனப்படும் மின்தடை எரிந்துவிட்டது என்று பெரும்பாலும் கொள்ளலாம். குறைந்த வேகங்களுக்கு மின்சாரம் அத்தடையினூடாகவே செல்கின்றது. உச்ச வேகத்துக்கு அது தேவையில்லை. அத்தடை விசிறியின் காற்றிலேயே குளிரும்படி காற்றுவழியினுள் பொருத்தப்பட்டிருக்கும். காற்று மெலிந்தால் அது சூடேறும், சூடேறினால் எரியும். ஆகவே எரிந்த தடையை மாற்றுவதோடு நின்றுவிடாமல், அது ஏன் எரிந்தது என்றும் வினவுதல் வேண்டும். அடைபட்ட சுருளும், தேய்ந்து இறுகிய விசிறி மோட்டாருமே பல இடங்களிலே மூலகாரணமாக இருக்கும்.

உச்ச வேகமும் மந்தமாக இருந்தால் மின்னழுத்தத்தை அளத்தல் தகும். 12 வோல்ற்று வண்டியில் இயந்திரம் ஓடும்போது பற்றரியில் ஏறத்தாழ 14 வோல்ற்று இருக்கும். விசிறி உச்ச வேகத்தில் ஓடும்போது மோட்டாரின் இரு முனைகளுக்கிடையே அளந்தால், அதைவிடச் சிறிதே குறைந்திருத்தல் வேண்டும். ஒரு வோல்ற்றுக்கு மேற்பட்ட குறைவு காணப்பட்டால், கருகிய இணைப்பு, தேய்ந்த சுவிட்சு, துருப்பிடித்த நிலக்கம்பி ஆகியவற்றில் ஒன்று மின்சாரத்தை விழுங்குகின்றது எனலாம். முன்பொருகால் சூடேறிய இணைப்பின் பிளாஸ்ரிக்கு மஞ்சளித்தோ உருகியோ காணப்படும். இணைப்புகள் யாவும் செம்மையாக இருந்தும் மோட்டார் மந்தமாகச் சுழன்றால், அதன் கரித்துண்டுகள் தேய்ந்திருக்கலாம்.

பழைய உதிரிப்பாகங்களை வாங்கிப் பொருத்தும் வண்டிகளில் வேறு இரு தவறுகளையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். பெரிய லொறிகள் பல 24 வோல்ற்று மின்சாரத்தில் இயங்குவன. கெப் வண்டிகளோ பெரும்பாலும் 12 வோல்ற்று உடையவை. 24 வோல்ற்று மோட்டாரைச் சிறு வண்டியில் பொருத்தினால், அது சுழலும். ஆனால் நோயாளியின் நடைபோலச் சுழலும். மற்றையது, கம்பிகள் இடம் மாறி மோட்டார் எதிர்த்திசையிற் சுழல்வது. உருளை வடிவான ஊதுவிசிறி எதிர்த்திசையிற் சுழன்றாலும் காற்றை உள்ளே இழுப்பதில்லை. முன்போலவே வெளியே தள்ளும், ஆயினும் மிகக் குறைவாகத் தள்ளும். ஓசை பலமாக இருந்தும் காற்று மெலிந்திருக்கும் இவ்வண்டியைக் கண்டு, அடைப்பைத் தேடித் தேடிக் களைத்துப்போதல் கூடும். மோட்டார் மாற்றப்பட்டபின் தொடங்கிய குறையாயின், முதலில் இவ்விரண்டையும் நோக்குக.

அடுத்தது விசிறியின் சில்லு. வலப்புறச் சாரத்தியம் உள்ள நம் நாட்டு வண்டிகளில் விசிறி பெரும்பாலும் இடப்புறத்தில், முகப்புப் பலகையின் சிறு பெட்டிக்குப் பின்னாலோ கீழாகவோ இருக்கும். சில ஆணிகளைக் கழற்றினால் மோட்டாரும் சில்லும் ஒன்றாகவே கீழிறங்கும் வண்டிகள் பல. சில்லின் வளைந்த இதழ்களிடையே தூசி படிந்து நிரம்பினால், இதழ் இதழாகவே இராது. காற்றைக் கைப்பற்றும் குழிவு மறைந்துவிடும். உலர்ந்த இலையும் எலி சேர்த்த பஞ்சும் அங்கே அகப்படுவதுண்டு. சில வண்டிகளில் சில்லு மோட்டாரின் தண்டிலிருந்து தளர்ந்து, தண்டு விரைந்து சுழலச் சில்லு பின்தங்கி வழுக்கும். இதனையும் கையால் அசைத்துப் பார்த்தே அறியலாம்.

இனி, திகனப் பகுதிக்குச் சிறப்பாக உரிய ஒரு காரணத்தைக் கூற வேண்டும். இப்பகுதியில் டொலமைற்று என்னும் வெண்ணிறக் கல் அகழப்படுகின்றது. கல்சியமும் மக்னீசியமும் சேர்ந்த காபனேற்றே இக்கல். தேயிலை விளையும் மண்ணின் புளிப்பு மிகும்போது அதைத் தணிப்பதற்கு, இக்கல்லின் தூள் தோட்டங்களில் இடப்படுவதை மலையக மக்கள் நன்கறிவர். இத்தூளைச் சுமக்கும் லொறிகளிலும், அவற்றின் பின்னே ஓடும் வண்டிகளிலும் வெண்தூசி புகுதல் தவிர்க்க முடியாதது. பழைய கெப் வண்டிகளிலும் லொறிகளிலும் பலவற்றில் உட்காற்றை வடிகட்டும் வடிகட்டியே கிடையாது. எனவே தூசி நேரே குளிர்ச்சுருளைச் சென்றடைகின்றது. அச்சுருளோ எந்நேரமும் நனைந்திருப்பது. வறண்ட தகட்டில் விழும் தூசியை காற்றே அடித்துச் செல்லும். நனைந்த தகட்டில் விழும் தூசி சேறாக ஒட்டிக்கொள்ளும். தகடுகளுக்கிடையே உள்ள இடைவெளி ஒன்றிரண்டு மில்லிமீற்றரே. ஆண்டுகள் செல்லச் செல்ல, முன்முகத்தில் போர்வை போர்த்தாற்போல அச்சேறு மூடிவிடும். விசிறி முழங்கும்; காற்று வராது; ஈரமண் வாடையும் பூஞ்சண வாடையும் மாத்திரம் வரும். நீர் வெளியேறும் சிறு குழாயும் இதே சேற்றினால் அடைபட்டு, இடப்புறத்து ஆசனத்தின் காலடியில் நீர் தேங்கும். வாடை, ஈரமான காலடி, பலத்த ஓசை, மெலிந்த காற்று ஆகிய நான்கும் ஒருங்கே காணப்பட்டால், சுருள் அடைபட்டிருப்பதிற் பெரும்பாலும் சந்தேகமில்லை.

சுருளைக் கழுவும் முறையிலும் எச்சரிக்கை தேவை. டொலமைற்றுத் தூள் நீரிலே கரைவதில்லை, அமிலத்தில் கரையும். ஆதலால் அமிலம் கலந்த கழுவுநீரை ஊற்றினால் சுத்தமாகும் என்று சிலர் துணிவர். தூள் கரைவது உண்மையே. அதனோடு சுருளின் அலுமினியத் தகடும் அரிக்கப்படும். காகிதத்தைவிடச் சிறிதே தடித்த அத்தகட்டில் அரிப்பு ஏற்பட்டால், நாளடைவில் காஸ் கசியும். சிறு செலவு பெருஞ் செலவாகும். அலுமினியத்துக்கென விற்கப்படும் சுருள் கழுவும் திரவமோ மென்மையான சவர்க்கார நீரோ போதும். மென்தூரிகையால், தகடுகள் செல்லும் திசையிலேயே தடவி, மெல்லிய நீர்த்தாரையால் கழுவுதல் வேண்டும். உயரழுத்த நீர்ப் பீச்சியைப் பிடித்தால் தகடுகள் வளைந்து, முன்னிருந்த அடைப்பினும் கொடிய அடைப்பு உண்டாகும். விசிறி மோட்டார் கழற்றப்பட்ட துவாரத்தின் வழியாகவே பல வண்டிகளில் சுருளின் முகத்தைக் காணவும் ஓரளவு கழுவவும் முடியும். முற்றாகக் கழற்றிக் கழுவ வேண்டுமாயின், காஸை உரிய பொறியினால் மீட்டெடுத்தபின்னரே கழற்றல் வேண்டும். வெளியே திறந்துவிடுதல் தகாது. ஓசோன் படையைக் காக்கும் பொருட்டு 1987 ஆம் ஆண்டில் ஏற்பட்ட மொன்றியல் உடன்படிக்கையின் பயனாகவே பழைய 'ஆர் 12' காஸ் வழக்கொழிந்து 'ஆர் 134ஏ' வந்தது. பின்னது ஓசோனைக் கெடுப்பதில்லையாயினும், பூமியின் வெப்பத்தை உயர்த்தும் ஆற்றலிலே கரியமில வாயுவினும் ஆயிரம் மடங்குக்கு மேற்பட்டது.

இனிப் பனிக்கட்டியின் கதை. குளிர்ச்சுருள் உறைநிலைக்குச் சற்று மேலே நிற்கும்படி ஒரு வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி கொம்பிரசரை நிறுத்தியும் ஓட்டியும் வருகின்றது. அக்கருவி கெட்டாலோ, அதன் உணர்முனை சுருளிலிருந்து விலகினாலோ, கொம்பிரசர் ஓயாது ஓடும். சுருளிலே படியும் நீர் உறையும். பனிக்கட்டி இடைவெளிகளை அடைக்கும். தூசி அடைத்த சுருளிலும் இது நேரும். வெதுவெதுப்பான காற்று போதிய அளவு வராமையால் சுருள் மேலும் குளிர்ந்து உறைகின்றது. காஸ் குறைந்தபோதும் நேரலாம். எவ்வாறெனில், சுருளின் அழுத்தம் தாழ்ந்தால் காஸ் இன்னும் தாழ்ந்த வெப்பநிலையிற் கொதிக்கும். 'ஆர் 134ஏ' காஸ் ஏறத்தாழ 28 இறாத்தல் அழுத்தமானியில் காட்டும்போது பூச்சியப் பாகையிற் கொதிக்கின்றது. அழுத்தம் அதனிலும் தாழ்ந்தால் சுருளின் ஒரு பகுதி உறைநிலைக்குக் கீழே சென்றுவிடும். காஸ் குறைவு காற்றையும் குறைக்கும் அந்த ஒரேயொரு சூழ்நிலை இதுவே. ஆயினும் இங்கும் முறை உண்டு: முதலில் சுருளின் தூசி, அடுத்து வெப்பக் கட்டுப்பாடு, அதன் பின்னரே காஸ். மூடிய சுற்றிலுள்ள காஸ் எரிபொருள்போலச் செலவாவதன்று. குறைந்திருந்தால் எங்கோ கசிந்திருக்கின்றது. கசிவைக் காணாமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதே. அளவுக்கு மிஞ்சி நிரப்பினாலோ அழுத்தம் உயர்ந்து கொம்பிரசரே கேடுறும்.

வழியிலே பனிக்கட்டி படிந்து காற்று மெலிந்தால், ஏ.ஸி. பொத்தானை நிறுத்தி விசிறியை மாத்திரம் பத்து நிமிடமளவு ஓடவிடுதல் போதும். கட்டி உருகி வண்டியின் அடியில் நீராக ஒழுகும். காற்று மீண்டும் வரும். இது நோயைத் தீர்ப்பதன்று. ஊர் சேரும்வரை தாங்குவதற்கான வழி.

கதவுகளும் குழாய்களும் இறுதியில் நிற்பவை. பழைய ஜப்பானிய வண்டிகளில் இக்கதவுகள் மெல்லிய உருக்குக் கம்பியினால் இயக்கப்படுவன. கம்பி கொளுவியிலிருந்து கழன்றாலோ வளைந்தாலோ, குமிழ் திரும்பும், கதவு திரும்பாது. வெற்றிட ஆற்றலால் கதவுகளை இயக்கும் பெற்றோல் வண்டிகளில், ஏற்றத்தில் இயந்திரம் சிரமப்படும்போது வெற்றிடம் குறைந்து, முகத்துக்கு வந்த காற்று தானாகவே கண்ணாடிப் பக்கம் மாறுவதுண்டு. பிளந்த சிறு றப்பர்க் குழாயொன்றே அதற்குக் காரணமாக இருக்கும். கதவுகளின் ஓரத்தில் ஒட்டப்பட்ட பஞ்சு காலத்தால் உதிர்ந்து, கறுப்புத் துகள்களாகக் காற்றுவாயில் வழியே வெளிவருவதும் உண்டு. பஞ்சு உதிர்ந்த கதவு முற்றாக மூடாது. காற்று வேண்டாத பக்கமும் கசியும். வானொலிப் பெட்டியோ ஒலிபெருக்கியோ புதிதாகப் பொருத்தப்பட்டபின் நடுவாயிலில் காற்றுக் குறைந்தால், முகப்புப் பலகையின் பின்னே குழாய் கழன்றுவிட்டதா என்று பார்த்தல் வேண்டும். அங்கே கழன்ற குழாய், குளிர்காற்றை முகப்புப் பலகையினுள்ளேயே வீணே கொட்டிக்கொண்டிருக்கும்.

இவையெல்லாம் சீராகும்வரை மலைவீதியில் ஓட வேண்டிய சாரதி செய்யத்தக்கது யாது? கண்ணாடி உட்புறம் மங்கும்போது உட்காற்று நிலையை விடுத்து வெளிக்காற்று நிலைக்கு மாற்றி, ஏ.ஸி.யை ஓடவிட்டு, காற்று முழுவதையும் கண்ணாடிக்குத் திருப்புதல் வேண்டும். சூடேற்றி உள்ள வண்டியாயின் அதையும் சிறிது திறந்தால், உலர்ந்த காற்று வெதுவெதுப்பாகி விரைவிற் பயன் தரும். இருபுறச் சன்னல்களையும் விரற்கடையளவு திறத்தல் மூச்சின் ஈரத்தை வெளியேற்றும். உட்புறக் கண்ணாடியை எண்ணெய்ப் பசையின்றித் துடைத்து வைத்தலும் மங்கலைக் குறைக்கும். மங்கல் வெளிப்புறத்திலே படிந்தால் நிலைமை வேறு. மிகக் குளிர்ந்த காற்று கண்ணாடியைக் குளிரச் செய்ததனால் வெளிக்காற்றின் ஈரம் அங்கே படிகின்றது. அப்பொழுது துடைப்பானை ஓட்டி, குளிர்காற்றைக் கண்ணாடியிலிருந்து திருப்புதலே தக்கது. எதுவும் பயன்படாவிடில், வளைவுகளைத் தவிர்த்து அகன்ற ஓரத்தில் வண்டியை நிறுத்துவதே அறிவுடைமை.

செலவில்லாத சோதனையை முதலிலும், சிறு செலவுள்ள திருத்தத்தை அடுத்தும், பெருஞ் செலவுள்ளதை இறுதியிலும் செய்வதே இத்துறையில் நன்மை தரும் ஒழுங்கு. காது கொடுத்துக் கேட்டல், கை வைத்துப் பார்த்தல், இலை சருகை அகற்றுதல், சில்லைத் துடைத்தல், இணைப்புகளைச் சோதித்தல், சுருளைக் கழுவுதல், கம்பியைக் கொளுவுதல் என்று வரிசையாகச் சென்றால், காஸ் நிரப்பும் பொறியிடம் போகாமலே பல வண்டிகள் நலம் பெறும். மழைக்காலம் தொடங்குமுன் ஆண்டுக்கொரு முறை விசிறியைக் கழற்றிச் சுருளின் முகத்தை நோக்குவதை ஒரு வழக்கமாகக் கொண்டால், வயது முதிர்ந்த லொறியும் வடகீழ்ப் பருவ மழையிலே தெளிந்த கண்ணாடியோடு 18 வளைவுகளையும் இறங்கும். கராஜுக்குச் செல்லும்போதும் "ஏ.ஸி. வேலை செய்யவில்லை" என்று பொதுப்படக் கூறாமல், "ஏ.ஸி.யை நிறுத்தினாலும் காற்று மெலிவு, ஓசை பலம், எல்லா வாயிலிலும் ஒரே அளவு" என்று குறி பிரித்துச் சொல்லும் சாரதிக்குத் திருத்துவோரும் விரைந்து உதவ இயலும்.